வேர்வைக்குக் கழித்த கொழுந்து

புதிதாக வந்திருக்கும் உங்கள் நால்வருக்கும்,

போகும்முன் ஏதாவது அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பணி அனுபவம் என்பது ஓய்வுபெற்றவர்கள் எழுதுகிற சங்கதி என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு இன்னும் ஒரு நரைகூட விழவில்லை. ஆனாலும் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையை விட்டு, ஆசிரிய ஆலோசகராக மாத்தளைக்குப் போகிறேன். என் வகுப்பறையையும் மூலை கிழிந்த உலகப் படத்தையும் உங்களிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் நன்றாக இருக்காது.

பாடக்குறிப்பு எழுதுவது, புள்ளி போடுவது எல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பாடத்தைப் பற்றி. பதினோராம் வகுப்பில் வரும் அமெரிக்கச் சுதந்திரப் போராட்டம். அந்தப் பாடத்தை நடத்தப் போய், ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுவிடப் பார்த்தது. நிற்கவில்லை. அது நிற்காமல் போனதற்கு நான் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். இதை எழுதுவதற்கு முக்கியமான காரணம் அதுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் குடும்பத்தில் பாடசாலை வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுத்தான். அண்ணன்மார் இருவரும் சின்ன வயதிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள். நியமனக் கடிதம் வந்த அன்று அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். நான் அதை நேராகத் திருப்பிப் பிடிக்கச் சொல்லவில்லை. எனக்குப் பெருமை உண்டு, அதை மறைத்து எழுதப் போவதில்லை. படித்து வாங்கிய சொற்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. 'குடியேற்ற நாடுகள்', 'இறைமை', 'பிரதிநிதித்துவம்' என்று கரும்பலகையில் எழுதும்போது கை தானாக அழகாக எழுதும்.

அந்த மரியாதைக்கு முதல் அடி ஒரு பரீட்சைத் தாளில் விழுந்தது.

பாடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரித்தானியா பிரான்சோடு நீண்ட போர் நடத்தி வென்றது. வென்றாலும் கடன் ஏறிவிட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களைக் காக்கவும்தானே போர் செய்தோம், அவர்களும் செலவில் பங்கு கொடுக்கட்டும் என்று லண்டன் பாராளுமன்றம் முடிவு செய்தது. முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரிகை, காணி உறுதி, சீட்டாடுகிற கட்டு வரைக்கும் முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும், அந்த முத்திரைக்கு வரி கட்ட வேண்டும். இதையெல்லாம் நான் நன்றாகத்தான் விளக்கினேன். பரீட்சையில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "அமெரிக்க மக்கள் அதிகம் கடிதம் எழுதுபவர்கள். இங்கிலாந்து அரசன் முத்திரை விலையைக் கூட்டினான். ஆகவே போர் மூண்டது."

ஒரு பிள்ளை அல்ல, பாதி வகுப்பு அப்படித்தான் எழுதியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு முத்திரை என்றால் கடிதத்தில் ஒட்டுகிற முத்திரை. வேறு எதை நினைப்பார்கள்? பக்கத்து வகுப்பு ரிஸானா டீச்சர், உக்குவளைக்காரி, என் வயதுதான், தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன டீச்சர், தபால் கந்தோர்ல நடந்த சண்டையா இது? அப்ப போஸ்ட்மாஸ்டர்தான் அரசனா?"

நானும் சிரித்தேன். மறுநாள் அதே பாடத்தைத் திரும்பவும் தொடங்கினேன். 'பிரதிநிதித்துவம் இல்லையேல் வரி இல்லை' என்று பலகை நிறைய எழுதினேன். எல்லோரும் அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது கௌசல்யா எழுந்தாள். கொழுந்து பறிக்கும் பார்வதி அக்காவின் ஒரே மகள். கேள்வி கேட்காமல் அவளால் ஒரு பாடவேளையைத் தாண்ட முடியாது.

"டீச்சர், அவங்களால அந்த வரிய கட்ட ஏலாதா?"

"ஏலும். அப்பிடி ஒண்ணும் பெரிய வரி இல்ல."

"பின்ன ஏன் சண்ட?"

"அவங்கள கேக்காம போட்டாங்க. லண்டன்ல உக்காந்து முடிவெடுக்கிற எடத்துல இவங்க ஆளு ஒருத்தர்கூட இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அது வரி இல்ல டீச்சர். கழிவு."

பாடநூலில் கழிவு என்றால் குப்பை. தோட்டத்தில் கழிவு வேறு. வெளியிலிருந்து வந்திருக்கிற உங்களுக்காகச் சொல்கிறேன். பறித்த கொழுந்தை மடுவத்துக்கு, அதாவது நிறுக்கிற கொட்டகைக்கு, கொண்டுவந்து தராசில் வைப்பார்கள். இலை நனைந்திருந்தால், அந்த ஈரத்துக்கென்று நிறையில் கொஞ்சத்தைக் குறைத்துவிட்டுத்தான் கணக்கப்பிள்ளை கணக்கில் எழுதுவார். அதுதான் தண்ணிக் கழிவு. மழை நாளில் அதில் நியாயம் இருக்கிறது.

"வெயில் நாள்லயும் கழிப்பாங்க டீச்சர்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எங்கம்மா ஒரு நாள் கேட்டாங்களாம்," என்றாள் கௌசல்யா. "'காலையிலருந்து ஒரு பொட்டு மழ இல்ல, எந்தத் தண்ணிக்குக் கழிக்கிறீங்க?'ன்னு. அதுக்கு கணக்கப்பிள்ள ஐயா, 'ஒன் வேர்வைக்கு'ன்னு சொன்னாராம். மடுவமே சிரிச்சிச்சாம். பக்கத்து லயத்து அக்கா சொன்னாங்க."

வகுப்பும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நான் பாடம் நடத்தவே இல்லை, அவர்கள்தான் நடத்தினார்கள். முத்திரை வரியை எதிர்த்து மக்கள் எழுந்ததும் லண்டன் அதைத் திரும்ப எடுத்தது, பிறகு கண்ணாடிக்கும் கடதாசிக்கும் பூச்சு மைக்கும் தேயிலைக்கும் வரி போட்டது, பிரித்தானியச் சாமானே வேண்டாம் என்று மக்கள் ஒதுக்கியதும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டது. ஏன் அதை மட்டும் வைத்தார்கள் என்று நான் கேட்டேன். வழக்கமாக நானே பதிலும் சொல்லிவிடுகிற கேள்வி அது.

"எல்லாத்தையும் விட்டா, கழிக்கிற அதிகாரமே இல்லன்னு ஆயிரும்ல டீச்சர். ஒண்ணையாவது வச்சிக்கணும்."

பாடநூல் அரைப் பக்கத்தில் சொல்வதை ஒரு பையன் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டான். இன்னொருவன், அந்த வரிக்கு எதிராகப் பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய தேயிலை நம்மூர்த் தேயிலையா என்று ஆவலாகக் கேட்டான். அப்போது நம் மலையில் தேயிலையே இல்லை, அது சீனத்துத் தேயிலை என்றதும் வகுப்பு முழுக்க ஒரு 'அட' கேட்டது. மாத்தளைக்காரர்களுக்கு ஆங்கிலேயர் வரி ஒன்றும் புதிதல்ல. நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி போட்டு, அதற்கு எதிராக இந்த மாவட்டமே எழுந்த கதையும் அதே பாடநூல் வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு அது மனிதர்களின் கதையாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சூட்டோடு பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் போடலாம் என்றேன். வசனத்தை அவர்களே எழுதினார்கள். லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு மேசை, மேசைக்கு மேல் தொங்குகிற ஒரு தராசு. வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு பிரபுக்கள். ஆளுநர் வரி கேட்க வருகிறார். ஒரு குடியானவப் பெண், "எதற்காக இந்த வரி?" என்று கேட்கிறாள். "உன் வேர்வைக்கு," என்கிறார் ஆளுநர். பெண் அழுகிறாள். அந்தப் பெண்ணாக நடித்தது கௌசல்யா. அந்த இடத்தை வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. சிவப்புப் பேனையால் பெரிதாகச் சரி போட்டேன்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது கௌசல்யா பாடசாலைக்கு வருவதை நிறுத்தினாள்.

பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று ஒரு நாள் விட்டேன். மறுநாளும் வராததால் லயத்துக்குப் போனேன். பார்வதி அக்கா வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். முகம் மட்டும் மலரவில்லை.

"ஆடுறதுன்னா வேற எதையாவது ஆடச் சொல்லுங்க டீச்சர். எங் கதைய ஏன் மேடையில ஏத்துறீங்க?"

"அதுல உங்க பேரு வரல அக்கா. அது அமெரிக்காவுல..."

"பேரு எதுக்கு? மடுவத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு நிறுக்கப் போனா, 'என்ன பார்வதி, மக ஒன்னைய அமெரிக்காவுக்கு அனுப்பிட்டாளாமே'ன்னு சிரிக்கிறாளுங்க. ஐயா காதுக்கும் போயிருச்சு. நாளைக்கு பறிக்க எனக்கு ஒழுங்கான மலையாக் குடுப்பாரா?"

"உங்களுக்காகத்தான் அக்கா புள்ளைங்க இத எழுதுனாங்க."

"எனக்காகவா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

குடியேற்ற மக்கள், எங்கள் ஆள் ஒருவரும் உங்கள் சபையில் இல்லையே என்று கேட்டபோது லண்டன் என்ன பதில் சொன்னது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இந்தப் பாராளுமன்றம் எல்லாக் குடிமக்களுக்காகவும்தான் பேசுகிறது, நீங்கள் ஆள் அனுப்பாவிட்டாலும் உங்கள் சார்பில் நாங்கள் இருக்கிறோம் என்று சொன்னது. அதை நான் வகுப்பில் நக்கலாகச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். இப்போது ஒரு லயத்துக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு அதே பதிலை நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கொழும்புல ஒரு வீட்டு வேலைக்குப் புள்ள தேடுறாங்க," என்றார் பார்வதி அக்கா. "அனுப்பிடலாம்னு இருக்கேன். பரீட்ச எழுதி என்ன ஆவப்போவுது? படிச்சிட்டு வந்து எங்க மானத்த மேடையில ஏத்தவா?"

அறைக்குள் தொங்கிய சீலைத் திரை அசைந்தது. கௌசல்யா அதற்குப் பின்னால் நின்றிருந்தாள். வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் அதிபர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த மலைக்கு மாற்றலாகி வந்து, குளிரையும் பஸ் ஒழுங்காக வராத பாதையையும் தினமும் திட்டிக்கொண்டே பல வருடம் இங்கேயே இருந்துவிட்டவர். அவருக்கு எதிரே கணக்கப்பிள்ளை ஐயா உட்கார்ந்திருந்தார். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனம் வரவில்லை. காற்றில் எங்கள் கூரைத் தகரம் பறந்தபோது ஆட்களைக் கூட்டிவந்து போட்டுக் கொடுத்தவர் அவர். விழாவுக்குத் தோட்டத்து மண்டபத்தை, இங்கே ஹோல் என்பார்கள், தருவதாகச் சொன்னதும் அவர்தான்.

"டீச்சர், நான் சண்டைக்கு வரல," என்றார். "ஹோல் சாவி எங்கிட்டதான் இருக்கு, அதச் சொல்லிக் காட்டவும் வரல."

அதிபரின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

"ஒரு தமாசுக்குச் சொன்னேன். மடுவத்துல ஆயிரம் பேசுவோம். அத எடுத்து வெள்ளக்காரன் வாயில வச்சா என்ன அர்த்தம்? நான் வெள்ளக்காரனா? எங்கப்பாவும் கொழுந்துக் கூடை தூக்குனவருதான்."

"பிள்ளை," என்றார் அதிபர் என்னிடம், "நாடகம் நிக்க வேண்டாம். அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துவிடுங்கோவன். ஒரு காட்சிதானே."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஒரு நிமிடம் உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும், அதனால் அப்போது என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். சரி என்று சொல்வது மிகச் சுலபம். ஹோல் கிடைக்கும், பார்வதி அக்காவின் பயம் தீரும், பிள்ளையும் திரும்பி வரலாம். முடியாது என்று சொல்வதும் எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் கருத்துச் சுதந்திரம் என்று தொடங்கி ஒரு நல்ல பேச்சு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பேசியிருந்தால் என்னை நானே மெச்சிக்கொண்டிருப்பேன். ஆனால் இரண்டில் எதைச் சொன்னாலும், அந்த அறைக்குள் இருந்த மூன்று பேர் சேர்ந்து, வெளியே மலையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருத்திக்காக முடிவெடுத்ததாகத்தான் ஆகும்.

"ஐயா, எடுக்கிறதா வைக்கிறதான்னு நான் சொல்லக் கூடாது. பார்வதி அக்காகிட்ட கேட்டுட்டு வாறேன். அவங்க வேணாம்னா எடுத்துடுறேன்."

"சொன்னவன் நான் டீச்சர். நானே எடுக்கச் சொல்றேன், பத்தாதா?"

"சொன்னது நீங்க ஐயா. வாங்கிக்கிட்டது அவங்க."

ஐயாவின் முகம் சிவந்தது. நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று அதிபரைப் பார்த்தேன். அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"கேக்கிறதில என்ன பிழை?" என்றார் கடைசியில். "போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ பிள்ளை. அவ வேண்டாம் எண்டால் எடுப்பம். வேணும் எண்டால், ஐயா, நீங்கள் ஹோல் தராட்டிலும் குறை நினைக்கமாட்டம். இஞ்ச பள்ளிக்கூட முத்தத்தில வைப்பம்."

"மழ வந்தா?"

"நனைவம்."

இந்த மலையில் எந்த நேரத்தில் மழை வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். மேலிடத்தில் ஒருவர் நமக்காக அப்படி ஒரு சொல் சொன்னால் எவ்வளவு தெம்பு வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்கு நான் நேரில் நன்றி சொன்னதில்லை. சொன்னால் குளிரைத் திட்டிப் பேச்சை மாற்றிவிடுவார். இங்கே எழுதிவிடுகிறேன், உங்களில் யாராவது அவரிடம் காட்டுங்கள்.

அன்று பின்னேரம் திரும்பவும் லயத்துக்குப் போனேன். இந்த முறை உட்காரவில்லை.

"அக்கா, நேத்து பேச வந்தேன். இன்னைக்கு கேக்க வந்திருக்கேன். அந்த எடத்த எடுக்கவா, வைக்கவா? எடுக்கச் சொன்னீங்கன்னா எடுத்துடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

அவர் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "என்னைய மாதிரி நடிக்கிறது யாரு?" என்றார்.

"நான்தாம்மா," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

"வெளிய வாடி. அந்தாளு அப்பிடிச் சொன்னதும் நீ என்ன செய்யிற?"

கௌசல்யா வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டாள். "அழுவுறேன்."

"அழுவுறியா?" பார்வதி அக்கா கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். "நான் எங்கடி அழுதேன்?"

"மடுவமே சிரிச்சிச்சுன்னு..."

"சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு அந்தப் பக்கத்து லயத்துக்காரி சொல்லலையா? அந்தாளு வேர்வைக்குன்னதும் நான் கூடையத் தூக்கித் திரும்பத் தராசுல வச்சேன். 'வேர்வையத்தான் கழிச்சாச்சே, இப்ப கொழுந்த நிறுங்க'ன்னேன். அதுக்குத்தான் அத்தன பேரும் சிரிச்சாளுங்க. ஐயா சிரிக்கல. ஆனா திரும்ப நிறுத்து எழுதுனாரு."

கௌசல்யா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அதற்கு முன் அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை. "இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கிட்டயா கேட்ட? பக்கத்து லயத்துல கேட்டுட்டு வந்து கத எழுதுற."

பிறகு என் பக்கம் திரும்பினார். "வைக்கிறதுன்னா உள்ளபடி வைங்க டீச்சர். நான் வந்து பாப்பேன். அழுவாச்சி இருந்துச்சு, மேடையில ஏறி நானே இவள எறக்கிருவேன்."

"அப்ப நாளையிலருந்து பள்ளிக்கூடத்துக்கு..."

"நாடகம் முடியிற வரைக்கும் வரட்டும். அப்புறம் கொழும்பு."

கிடைத்தது அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

சொன்னபடியே அவர் ஒத்திகை பார்க்க வந்தார். தனியாக வரவில்லை, வேலை முடிந்த கையோடு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் இன்னும் சில பெண்கள் கூடவே வந்தார்கள். குடியானவப் பெண் கூடையை எப்படித் தூக்க வேண்டும், இடுப்பை எங்கே கொடுக்க வேண்டும் என்று கௌசல்யாவை ஆளுக்கொரு பக்கமாகப் போட்டு வாட்டினார்கள். கடைசிக் காட்சியில் பிள்ளைகள் கப்பலிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். பெட்டிக்குள் இருந்தது காய்ந்த கொய்யா இலைதான். ஒரு அக்கா பதறிப்போய்க் கேட்டார்:

"அம்புட்டையும் தண்ணியில கொட்டிட்டாங்களா டீச்சர்?"

"ஆமாக்கா. கப்பல் கப்பலா."

"அட பாவமே. அத பறிச்சவளுங்க யாரு? அவளுங்களுக்குத் தெரியுமா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தச் சீனத்துப் பெண்கள் இல்லை. தெரியாது என்று சொன்னேன். வரலாறு கற்பிப்பவள் தெரியாது என்று சொல்லும்போது வகுப்பு அவளை இன்னும் கொஞ்சம் நம்புகிறது. அதையும் நான் அங்கேதான் கண்டேன். பிள்ளைகள் நாடகத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். தேயிலையைக் கொட்டப் போகும் இளைஞன் ஒரு கணம் நின்று, "இதைப் பறித்த கைகளே, மன்னியுங்கள்," என்பான். வரலாற்றுப்படி அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் வெட்டவில்லை.

விழாவுக்கு முதல் நாள் ஹோல் சாவி வந்துசேர்ந்தது. யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார், ஒரு சொல்கூடச் சொல்லியனுப்பவில்லை. விழாவில் கணக்கப்பிள்ளை ஐயா முன்வரிசையில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அவர் எழுந்து போய்விட்டால், அடுத்த நாள் மடுவத்தில் பார்வதி அக்காவின் கதி என்ன? பிறகு கௌசல்யாவின் கதி?

ஆளுநர் மீசையை முறுக்கிக்கொண்டு, "உன் வேர்வைக்கு!" என்றார். கௌசல்யா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கீழே வைத்த கூடையை இரண்டு கையாலும் தூக்கி, தராசு ஆடுகிற ஆட்டத்தில் பிரபுக்கள் பின்வாங்கும்படி அதில் வைத்தாள்.

"வேர்வையத்தான் கழிச்சாச்சே. இப்ப கொழுந்த நிறுங்க!"

மற்ற வசனமெல்லாம் செந்தமிழில் இருந்தது. இது மட்டும் மடுவத்துத் தமிழ். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பில் ஆளுநருக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. பார்வதி அக்கா சிரிக்கவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, மகளின் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை ஐயா எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார்.

தேநீர் கொடுக்கும் இடத்தில் என்னிடம் வந்தார்.

"மடுவமே சிரிச்சது ஞாபகம் இருந்திச்சு டீச்சர். எம் பேச்சுக்குச் சிரிச்சாங்கன்னே நெனச்சிட்டு இருந்துட்டேன்."

கோப்பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். சாவி அவரிடம் இருந்தது, முன்வரிசையில் உட்கார வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

கழிவு நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. ஒரு பரிசளிப்பு விழா நாடகம் அதையெல்லாம் நிறுத்தாது. இப்போது கணக்கப்பிள்ளை ஐயா எவ்வளவு கழிக்கிறார், எதற்குக் கழிக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கழிக்கிறாராம். கேட்டால் பதில் வருகிறதாம். இது பார்வதி அக்கா சொன்னது.

நாடகம் முடிந்த மறுநாள் கௌசல்யா வருவாளா என்று பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். கொழும்பைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. பரீட்சை எழுதினாள். குடியேற்ற மக்கள் ஏன் வரியை எதிர்த்தார்கள் என்ற கேள்வி வந்ததாம். வெளியே வந்து, "நல்லா எழுதுனேன் டீச்சர்," என்று மட்டும் சொன்னாள். முத்திரையைப் பற்றி என்ன எழுதினாய் என்று ரிஸானா டீச்சர் சீண்டினாள். "தபால் கந்தோருக்கு அனுப்பல டீச்சர்," என்றாள் கௌசல்யா.

பரீட்சைப் பெறுபேறு வந்து கொஞ்ச நாளில், அதிபரின் அறையில் நான் ஏதோ கையெழுத்து வாங்க நின்றபோது, பார்வதி அக்கா மகளோடு வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார்.

"சேர், புள்ளைய இங்கருந்து எடுக்கணும், விடுகைப் பத்திரம் வேணும்."

கொழும்பில் வேலைக்குப் பிள்ளை தேடுகிற வீடு என் கண்முன்னால் வந்தது. அதிபரும் பேனையை எடுக்கவில்லை.

"என்னத்துக்கு அம்மா?"

"மாத்தளையில பெரிய பள்ளிக்கூடத்துல சேக்க. மேல படிக்க வைக்கலாம்னு."

அதிபருக்கு ஒரே சந்தோஷம். கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். "உயர்தரத்துக்கோ? நல்லது, நல்லது. வர்த்தகம் எண்டால் வேலை எடுக்கலாம். கலைப் பிரிவு எண்டால் எங்கட டீச்சரைப் போல வரலாம். வர்த்தகம் எண்டே போடுவம், என்ன? அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நானும் இடையில் புகுந்து வரலாற்றுக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பார்வதி அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க சேர்? படிக்கப்போறவ இந்தா நிக்கிறாளே."

நாங்கள் மூன்று பேரும் கௌசல்யாவின் பக்கம் திரும்பினோம்.